மெயின் சுவிட்சுக்கு ஒரு பூட்டு

மின் தொழில்நுட்பவியலாளர் பயிற்சியில் கையுறைக்கும் தலைக்கவசத்துக்கும் முதலிடம் தரவேண்டும் என, அப்பயிற்சி பற்றிய அண்மைக் கட்டுரையொன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை மறுக்கவில்லை. ஆயினும், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் பல வருடங்கள் மின் வேலை பார்த்தவன் என்ற வகையில், அதற்கும் முன்னதாகக் கற்பிக்க வேண்டியது இணைப்பைத் துண்டித்துப் பூட்டும் பழக்கத்தையே என்பேன். மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டியின் மின்விசிறி மோட்டாரை நான் கழற்றிக்கொண்டிருந்த ஒருநாள், கீழே நின்ற ஒருவர் சுவிட்ச் தானாக விழுந்துவிட்டதென எண்ணி அதனை மீண்டும் போட்டுவிட்டார். அந்த நொடியில் வயர் நுனி என் கையில் இல்லாதது அதிர்ஷ்டம் மட்டுமே. சுவிட்சில் ஒரு சிறு பூட்டும் அதன் சாவி என் சட்டைப் பையிலும் இருந்திருந்தால் அது நேர்ந்திராது.

மின்சாரம் உள்ளதா எனச் சிறுவிளக்கால் காட்டும் டெஸ்டர் ஸ்குரூ டிரைவரையும் நம்மவர்கள் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். உலர்ந்த மர ஏணியில் நிற்பவருக்கு, 230 வோல்ட் இருந்தும் அதன் சிறுவிளக்கு மங்கலாகவே எரியக்கூடும். சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பின்னர் வேலை செய்யும் இடத்தைச் சோதித்து, மறுபடியும் முதல் இடத்தில் உறுதிசெய்வதே முறை.

மழைக்காலத்தில் லயன் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் சுவர்கள் ஊறி, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழும்போது, அதை விலக்கி நேரடியாக வயர் கொடுக்கும்படி கேட்பவர்கள் உண்டு. அதற்கு மறுத்து, மின்னொழுக்கு எங்கே என்று தேடவும் பயிலுநருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.