முகப்பு ஜன்னலில் அவளுக்கு என்ன வேலை?
செட்டிநாட்டுப் பின்னணிக் கதைகளில் காத்திருக்கும் பெண்ணுக்கு ஜன்னல்தான் பொருத்தமான படிமம் என்று ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் தெருவைப் பார்த்த ஜன்னல்கள் முகப்பில், அதாவது வீட்டின் முன்பகுதியில் இருக்கும். அது ஆண்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்த இடம். பெண்கள் புழங்கியது வளவிலும் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) பின்கட்டுகளிலும். அங்கே வெளிச்சம் முற்றத்தில் மேலிருந்து விழும். காத்திருப்பைக் காட்ட வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்வதே போதும், அவளை முகப்புக்கு இழுத்து வர வேண்டாம். ஜன்னல்தான் வேண்டும் என்றால் அதன் அமைப்பையாவது கவனியுங்கள்: மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கதவுகள், நெட்டுக்குத்தாக இரும்புக் கம்பிகள். கீழ்க்கதவைச் சாத்தி மேலதை மட்டும் திறந்தால் காற்று வரும், தரையில் உட்கார்ந்திருப்பவள் வெளியே தெரியமாட்டாள். ஒரு கதவை வைத்தே எவ்வளவோ சொல்லலாம், யாரும் சொல்வதில்லை. ஜன்னலில் ‘தலையை நீட்டிப் பார்த்தாள்’ என்ற வரியை அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ரசித்திருக்கிறார். அந்தக் கம்பிக்குள் கை போகும், தலை போகாது. அங்கே நின்று ரகசியம் பேச வைப்பதும் கோளாறுதான், வெளித் திண்ணையில் படுத்திருப்பவர் காதில் அது முதலில் விழும்.