குப்பையை அள்ளியாச்சு, கிணற்று நீர் சுத்தமாகிவிட்டதா?

"பழைய குப்பைக்கிடங்கில் குப்பையையும் மேல்மண்ணையும் அள்ளிவிட்டால் நிலத்தடி நீர் தானாகச் சுத்தமாகிவிடும்" என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு.

அள்ளுவது தேவைதான், புதிதாகக் கசிவது குறையும். ஆனால் ஏற்கெனவே இறங்கியது எங்கே போகும்? டிரைகுளோரோஎத்திலீன் (ஆலைகளில் உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) போன்ற கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. நீர்மட்டத்தையும் தாண்டி இறங்கி, களிமண் அடுக்கின்மேல் தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். குடிநீரில் டிரைகுளோரோஎத்திலீனுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்போ லிட்டருக்கு வெறும் 5 மைக்ரோகிராம். நீரை இறைத்துச் சுத்திகரிப்பது பல இடங்களில் பத்தாண்டுகளைத் தாண்டியும் ஓடுகிறது. இறைப்பதை நிறுத்தியதும் களிமண்ணில் ஒட்டியிருந்தது கசிந்து, அளவு மறுபடி ஏறுவதும் உண்டு.

"கொதிக்க வைத்தால் போதும்" என்பது இன்னும் மோசம். கிருமி சாகும், சரி. ஈயம், ஆர்சனிக், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடத்தான் செய்யும்.