தொழிற்கல்விப் பிரிவு மதிப்பெண் குறைந்தவர்களுக்கான ஒதுக்கிடம் அல்ல

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு சலித்தெடுப்பு நடக்கிறது. 450க்கு மேல் என்றால் கணிதம், உயிரியல். அதற்குக் கீழே கணினி அறிவியல், வணிகவியல். இவை எதிலும் இடம் கிடைக்காதவர்களை "சரி, தொழிற்கல்வியில் போடுங்கள்" என்று தள்ளிவிடுகிறார்கள். பையனுக்கு எந்திரத்தில் ஈடுபாடு உண்டா, அந்தப் பெண்ணுக்கு மின்சாரம் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. மதிப்பெண் கேட்கிறது, மதிப்பெண்ணே பதில் சொல்கிறது. இந்த வழக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய அநியாயம் என்பதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

நான் ஓசூரில் சிறிய எந்திரப் பட்டறை நடத்துகிறேன். பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். வேலை கேட்டு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று நம் மாவட்டங்களிலிருந்துதான் வருகிறார்கள். வருகிறவர் கையில் ஒரு வெர்னியர் அளவுகோலைக் (நுண்ணிய அளவெடுக்கும் கருவி) கொடுத்து, மேசைமேல் கிடக்கும் தண்டின் விட்டத்தை அளக்கச் சொல்வேன். பிளஸ் 2வில் இயற்பியல் நன்றாகப் படித்தவர்கள்கூட அங்கே திணறுகிறார்கள். மீச்சிற்றளவு (ஒரு கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு) என்றால் என்ன என்று கேட்டால் வரையறையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். 0.02 மில்லிமீட்டர் அந்தக் கருவியில் எங்கே தெரிகிறது என்று கேட்டால் கை நடுங்குகிறது. அது அவர்கள் குற்றம் இல்லை. அந்தக் கருவியைப் பழகும் அளவுக்கு அவர்கள் கையில் யாரும் விட்டதே இல்லை.

இதற்கு நேர்மாறாகவும் பார்க்கிறேன். பிளஸ் 1இல் தொழிற்கல்விப் பிரிவில் எந்திரவியல் படித்த சில பிள்ளைகள் வருகிறார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவர்கள். லேத்தில் (கடைசல் எந்திரம்) டேப்பர், அதாவது ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்த வடிவம், கடையச் சொன்னால் வேலையைத் தொடங்குவதற்கு முன் தாளை எடுக்கிறார்கள். தண்டின் ஒரு முனை 40 மி.மீ., மறுமுனை 30 மி.மீ., நீளம் 50 மி.மீ. விட்ட வித்தியாசம் 10. அதை நீளத்தின் இரு மடங்கான 100ஆல் வகுத்தால் 0.1. எந்தக் கோணத்தின் டேன் மதிப்பு 0.1? ஏறத்தாழ 5 பாகை 43 நிமிடம். வெட்டும் உளியைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்ட்டை அந்த அளவுக்குத் திருப்பிவைத்துக் கடைகிறார்கள். முக்கோணவியல் தனக்கு வராது என்று நம்பிக்கொண்டிருந்த பையன், தன் கையால் அதைச் செய்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கணக்கு வராதவனுக்குத்தான் தொழிற்கல்வி என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் பட்டறைக்கு வந்து நிற்க வேண்டும். தொழிலில் கணக்கு இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது, உலோகங்களைப் பற்றிய வேதியியல் இருக்கிறது. டிராயிங்கைப் படிக்க ஆங்கிலமும் வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் தொடங்கியது. அதற்கு முன்பே, 1964–66இல் நாட்டின் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி குழு பள்ளிக் கல்வியோடு தொழிலை இணைக்க வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தது. ஆக, இது அவசரத்தில் ஒட்டிவைத்த ஒட்டு அல்ல. ஆனால் இன்றைய நிலை என்ன? தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. சில ஆண்டுகள் பகுதிநேரத்தில் யாரோ சமாளிப்பார்கள். பிறகு மாணவர் எண்ணிக்கை குறைவு என்று காரணம் காட்டிப் பிரிவையே மூடிவிடுவார்கள். எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு நல்ல லேத் இருக்கிறது. பழையதுதான், ஆனாலும் படுக்கை தேயாத எந்திரம். அதன்மேல் பழைய தேர்வுத் தாள் கட்டுகளை அடுக்கிவைத்திருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

தொழிற்கல்வி என்று வாயெடுத்தாலே இன்னொரு எதிர்ப்பும் எழும். அது நியாயமான எதிர்ப்பு. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று அதை எதிர்த்துத் தமிழ்நாடே கொதித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்தில் என் தலைமுறை பள்ளிப் படிப்பை முடித்திருக்காது. ஆகவே அந்த அச்சத்தை நான் முழுமனதோடு மதிக்கிறேன். அந்த அச்சத்தை வைத்துக்கொண்டே கேட்கிறேன்: ஏழை வீட்டுப் பிள்ளையை, விருப்பம் கேட்காமல், மதிப்பெண்ணைக் காட்டி ஒரு பிரிவில் தள்ளி, அங்கே ஆசிரியரும் வைக்காமல் விடுவது மட்டும் சரியா? எந்த வீட்டில் பிறந்தாலும் எந்தத் தொழிலையும் தேர்ந்தெடுக்கலாம், அங்கிருந்து மேலே எவ்வளவு தூரமும் போகலாம் என்ற நிலை இருந்தால் அது குலக்கல்விக்கு நேர் எதிரானது. விவசாயக் கூலி வீட்டுப் பெண் சிஎன்சி (கணினி இயக்கும்) எந்திரத்தில் புரோகிராம் எழுதுவது எந்தக் குலத்தின் தொழில்?

மேலே போக வழி இருக்கத்தான் செய்கிறது. பெற்றோருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. தொழிற்கல்வியோடு பிளஸ் 2 முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்கல்வி மாணவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு மேல், அரசுப் பள்ளி மாணவர் என்ற முறையில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்து ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) இரண்டு ஆண்டு பிட்டரோ டர்னரோ எலக்ட்ரீஷியனோ படித்தவரும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். மொழிப்பாடத் தேர்வுகளை எழுதினால் பிளஸ் 2வுக்கு இணையான சான்றும் பெறலாம். அரசு ஐடிஐயில் படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. பட்டப்படிப்புக்கு மட்டும்தான் இந்தத் தொகை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐடிஐக்கும் உண்டு.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓசூரைச் சுற்றியும் போச்சம்பள்ளிப் பக்கமும் வந்திருக்கும் மின்னணு, மின்வாகனத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். பிளஸ் 2 முடித்த கையோடு விடுதியில் தங்கி ஷிப்ட் பார்க்கிறார்கள். பெருமையான விஷயம்தான். சீக்கிரம் கல்யாணம் முடித்துவிடும் பழக்கம் இன்னும் ஒழியாத நம் மாவட்டங்களில், ஒரு பெண் சம்பாதிப்பது அவள் கழுத்தில் தாலி ஏறும் வயதையே தள்ளிப்போடுகிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஒரே திருகை ஒரே இடத்தில் முடுக்கும் வரிசையில் நிற்கிறார்கள். எந்திரம் நின்றுவிட்டால் சரிசெய்ய வருகிறவர் டிப்ளமோ படித்த ஆண். அந்தப் பெண்ணுக்குப் பள்ளியிலேயே மின்னணுவியலும் மின் எந்திரவியலும் கிடைத்திருந்தால் எந்திரத்தைத் திறந்து பார்க்கிற இடத்தில் அவள் இருந்திருப்பாள். நம் பள்ளிகளிலோ பெண்களுக்கென்றால் செவிலியம், தையல் என்றே கையைக் காட்டுகிறார்கள். செவிலியம் அருமையான படிப்பு, மறுக்கவில்லை. அது ஒன்றுதான் என்பதைத்தான் மறுக்கிறேன்.

வேளாண் பிரிவும் அப்படியே. ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் தக்காளி விலை விழுந்தால் சாலையோரம் கொட்டுகிற ஊர் நம்முடையது. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் கப்பலேறிப் போகிறது. இங்கே வேளாண் அறிவியல் பிரிவு தாலுகாவுக்கு ஒன்றாவது உயிரோடு இருக்க வேண்டாமா?

பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளைத் தனியார் கூட்டுடன் தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் திட்டத்தில் ரோபோவும் சிஎன்சியும் வாங்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் புது எந்திரம் வாங்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அருகில் இருக்கும் ஐடிஐயில் வாரம் ஒரு நாள் பிளஸ் 1 பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு நடத்தலாமே. பஸ் பாஸ் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியது இரண்டு துறைகளுக்கு இடையே ஓர் உத்தரவு. அதற்கும் முன்னால், காலியாக இருக்கும் தொழிற்கல்வி ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும். ஆள் இல்லாமல் எந்திரம் மட்டும் பாடம் நடத்தாது.

பெற்றோரே, பிளஸ் 1 சேர்க்கைக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள். அந்தப் பிரிவுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, எந்திரம் ஓடுகிறதா, போன ஆண்டு படித்தவர்கள் எங்கே சேர்ந்திருக்கிறார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து மறுபடி கேளுங்கள். அங்கே பெற்றோருக்குத்தான் பெரும்பான்மை.

ஓசூரில் என்னைப் போல் பட்டறை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆள் கிடைக்கவில்லை என்று தினமும் புலம்புகிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நம் கதவைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவோம். எங்கள் பட்டறை தயார். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எந்தப் பள்ளியின் ஆசிரியராக இருந்தாலும் உள்பெட்டியில் எழுதுங்கள். காலுக்கு மூடிய செருப்பு, தொங்காத உடை, பெண்களுக்கு முடியை இறுக்கக் கட்டிய கொண்டை, இவை மட்டும் அவசியம். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.