பச்சையோடு சேர்ந்தால்தான் சிவப்பு

சிவப்பு மூலிகையைத் தனியாகச் சாப்பிட முடியாது. ரெசிடென்ட் ஈவில் என்ற வீடியோ கேமின் பழைய பாகங்களை விளையாடியவர்களுக்கு இது மறக்காது. பச்சை மூலிகை கொஞ்சம் உயிர் கொடுக்கும். சிவப்பைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டையும் கலந்தால் மொத்த உயிரும் திரும்பிவிடும். நீலம் விஷத்தை முறிக்கும்.

மதுரை செல்லூரில் மணிக்கு 10 ரூபாய் வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் ஆட விட்ட ஒரு சின்னக் கடையில்தான் இதைக் கற்றுக்கொண்டேன். 1996-ல் வந்த முதல் பாகம். கிறிஸ், ஜில் என்று இரண்டு பேரில் ஒருவராக ஆடலாம். கிறிஸ் பையில் 6 இடம்தான், ஜில்லுக்கு 8. துப்பாக்கியை வைப்பதா, சாவியை வைப்பதா, மூலிகையை வைப்பதா என்று ஒவ்வொரு அறையிலும் யோசிக்க வேண்டும். இரண்டு மூலிகையைக் கலந்துவிட்டால் ஒரே இடத்தில் அடங்கிவிடும் என்று கண்டுபிடித்த நாளில் நானும் பக்கத்தில் இருந்த நண்பனும் போட்ட சத்தத்துக்குக் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

அதனால்தான் கேம் பெயரை வைத்து விற்கிற பானங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. போன வருடம் வெளியூரில் ஒரு இடத்தில் அப்படி ஒன்று வாங்கினேன். நீல சிரப், சோடா, மேலே ஒரு புதினா இலை. அவ்வளவுதான். அந்த கேமை ஒரு மணி நேரம் ஆடியவர் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார். நிறத்தை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். அந்த கேம் நம்மை எப்படி யோசிக்க வைத்ததோ, அது குவளைக்குள் வர வேண்டும். இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

சரி, மூலிகைகளை வோட்காவில் ஊறவைத்து நாமே செய்வோம் என்று இறங்கினேன். கேமில் மூலிகைகள் நடைபாதை ஓரத்தில் தொட்டிகளில்தான் இருக்கும். எங்கள் மொட்டை மாடியிலும் அப்படித்தான்.

முதலில் துளசி என்று நினைத்தேன். "தொளசிய அதுல போட்டயின்னா தொட்டியத் தூக்கி வெளிய வச்சுருவேன், பாத்துக்க" என்றார் அம்மா. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. தினமும் விளக்கு வைக்கிற செடியை வோட்காவில் ஊறப்போட எனக்கும் மனம் வரவில்லை.

அப்புறம் பச்சைக்குத் திருநீற்றுப்பச்சிலையும் மரிக்கொழுந்தும் எடுத்துக்கொண்டேன். மரிக்கொழுந்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மல்லிகையோடு சேர்த்துக் கட்டி நாம் தலையில் வைக்கிற அதே கொழுந்து, ஐரோப்பாவில் அப்சிந்த், வெர்மூத் என்ற மதுக்களுக்கு ஆதாரமான வார்ம்வுட் செடிக்கு உறவு. இரண்டுமே ஆர்டிமீசியா என்ற ஒரே பேரினம். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் செடியின் கசப்பை வைத்து மது வகைகளையே உண்டாக்கினார்கள். நம்முடையதில் கசப்போடு பழ வாசனையும் சேர்ந்திருக்கிறது. ஆனால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வாங்கியதைக் குடிக்கிற எதிலும் போடாதீர்கள். அவை சூடுவதற்கு வளர்த்தவை, மருந்து அடித்திருப்பார்கள். தொட்டியில் நீங்களே வளர்த்தது மட்டும்தான்.

முதல் தடவை இலைகளை ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் பழுப்பு நிறத்தில் கஷாயம் போல ஆகிவிட்டது, வாயில் வைக்க முடியவில்லை. ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக இலையின் எண்ணெயை இழுக்கும். வாசனை முதலில் வரும், பின்னாடியே கசப்பும் வரும். பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும் சாதாரண வோட்கா 200 மில்லிக்கு, கசக்காத முழுத் திருநீற்றுப்பச்சிலை 15 இலை, 3 மணி நேரம். மரிக்கொழுந்து நுனி ஒன்றே ஒன்று, கடைசி அரை மணி நேரம் மட்டும். வடிகட்டினால் இளம்பச்சை.

சிவப்புதான் எனக்குப் பெரிய சந்தோஷம். வீட்டு ஒற்றைச் செம்பருத்தி 10 பூ. காம்பும் மகரந்தத் தண்டும் நீக்கி, 200 மில்லி கொதிநீரில் போட்டு வடித்து, 200 கிராம் சர்க்கரை கரைத்தேன். பார்த்தால் மங்கிய ஊதா நிறம். நக்கிப் பார்த்தால் வெறும் இனிப்பு, சுவை என்று ஒன்றுமே இல்லை! வெளிநாட்டில் டீ போடுகிற செம்பருத்தி வேறு இனம், அது புளிக்கும். நம்முடையது தனியாக ஒன்றும் செய்யாது. சிவப்பு மூலிகையே தான்.

குவளையில் ஐஸ், பச்சை வோட்கா 45 மில்லி, செம்பருத்திப் பாகு 20 மில்லி, மேலே எலுமிச்சைச் சாறு 20 மில்லி. சாறு பட்டதும் ஊதா பளீரென்று சிவப்பாகும். பூவில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பில் நிறம் மாறுகிறது. பாகின் இனிப்பு இலையின் கசப்பை அடக்கி, வாசனையை முன்னால் கொண்டுவருகிறது. பிறகு சோடா. இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள்.

நீலத்துக்குச் சங்குப்பூ. விஷத்தை முறிப்பது நீலம் என்பதால் அந்தக் குவளையில் ஒரு சொட்டு மதுவும் கிடையாது. அடியில் நன்னாரி சர்பத், மேலே ஐஸ், அதன் மேல் ஆறவைத்த சங்குப்பூ நீரை மெதுவாக ஊற்றினால் இரண்டும் தனித்தனியாக நிற்கும். எலுமிச்சை பிழியக் கூடாது, நீலம் ஊதாவாகிவிடும். குடிக்காதவர் கையிலும் அழகாக ஒரு குவளை இருக்க வேண்டும். கூட்டத்தில் அவருக்கு மட்டும் ஏன் பாட்டில் கோலாவை நீட்ட வேண்டும்? 21 வயது ஆகாதவர்களுக்கும், வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கும் நீலம்தான். கர்ப்பிணிகளுக்கு இந்த மூலிகைகள் எதுவுமே வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் செல்லூர் நண்பன் வந்தான். நான் எதுவும் விளக்கவில்லை. பச்சை ஒரு சின்னக் குவளையில், எலுமிச்சை பிழிந்த சிவப்பு இன்னொன்றில் என்று முன்னால் வைத்தேன். சிவப்பை ஒரு வாய் வைத்தான். "என்ன மாப்ள, இனிப்பும் புளிப்புமா இருக்கு, வேற ஒண்ணுமே இல்லையே" என்றான். இரண்டு குவளையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவனாகவே சிவப்பை எடுத்துப் பச்சையில் ஊற்றினான்.