கிண்டி தாண்டியாச்சு

(மயிலாப்பூரில் ஒரு வீடு. ஆறு மணிக்குக் குரோம்பேட்டையில் ரிசப்ஷன். ஐந்தரை ஆகியும் யாரும் குளிக்கவில்லை. அப்பா சாய்வு நாற்காலியில். மகள் குழந்தையோடு நர்சரியிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறாள். குழந்தை பின்கட்டுக்கு ஓடிவிட்டது.)

மகள்: அப்பா, இன்று மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள்.

அப்பா: ஏன், யாரையாவது கடித்துவிட்டாளா?

மகள்: கடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மதியம் தூங்கும் பிள்ளைகளை எழுப்பியிருக்கிறார்கள். இவள் மட்டும் பாயில் படுத்தபடியே டிபன் பாக்ஸ் மூடியைக் காதில் வைத்து, "கிளம்பிட்டேன் சார், கிண்டி தாண்டியாச்சு, பத்தே நிமிஷம்" என்றாளாம்.

அப்பா: நாலு வயதில் இவ்வளவு பொய்யா! எல்லாம் அந்த டிவியால் வருவது.

மகள்: டிவியில் யாரப்பா கிண்டி தாண்டுகிறார்கள்? போன வாரம் இதே நாற்காலியில், லுங்கியோடு, நீங்கள்தான் தாண்டினீர்கள்.

அப்பா: சீட்டுக்காரர் தாம்பரத்தில் காத்திருந்தார், வேறென்ன சொல்வது? ஆனால் குழந்தைக்கு நான் இதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லையே!

மகள்: சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். பி.எட்.டில் ஆல்பர்ட் பண்டூரா என்று ஓர் உளவியல் அறிஞரைப் படித்தோம். 1961இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரியில் 72 பிள்ளைகளை வைத்துப் பார்த்தார். காற்றடித்த பொம்மை ஒன்று. குத்தினால் சாய்ந்து நிமிரும். ஒரு பெரியவர் அதை மரச்சுத்தியலால் அடிப்பதை 24 பேர் பார்த்தார்கள். பிறகு அவர்களை அந்தப் பொம்மையோடு விட்டால் அதே சுத்தியல், அதே அடி, அவர் கத்திய அதே வசனம்.

அப்பா: பாவம், பொம்மை. நாலு அதட்டு போட்டிருந்தால் மறந்திருக்கும்.

மகள்: 1965இல் அதையும் பார்த்தார். அடித்தவருக்குத் திட்டு விழுவதைப் படத்தில் பார்த்த பிள்ளைகள் கொஞ்சம் அடங்கித்தான் இருந்தார்கள். ஆனால் "அவர் செய்ததைச் செய்து காட்டினால் ஜூஸ், ஸ்டிக்கர்" என்றதும் திட்டைப் பார்க்காத பிள்ளைகளுக்குச் சளைக்காமல் செய்து காட்டினார்கள். உள்ளே எல்லாம் அப்படியே இருந்திருக்கிறது!

அப்பா: ஜூஸ் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் எதையும் செய்யும்.

மகள்: நம்ம குட்டிக்குக் கடலைமிட்டாயே போதும். வரும்போது ஆட்டோவில் அதட்டினேன், வாயே திறக்கவில்லை. மிட்டாய் தருகிறேன் என்றதும் சீட்டில் சாய்ந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு கனைப்பு கனைத்து... அப்பா, அவள் கண்ணாடியே போடுவதில்லை! ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "வீட்ல தாத்தா இருக்காராம்மா?" என்கிறார்.

அப்பா: (நெற்றியிலிருந்த கண்ணாடியை மெல்ல இறக்கி) சரி, சரி. இனிமேல் அவள் எதிரில் போனே எடுக்கவில்லை, போதுமா?

(மகளின் போன் அடிக்கிறது. எடுத்தவள் அப்படியே கட்டிலில் சாய்கிறாள்.)

மகள்: சொல்லுங்கக்கா... ஐயோ, அப்பவே கிளம்பிட்டோம்! கிண்டி தாண்டியாச்சு.

(அப்பா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியை மறுபடி நெற்றியில் ஏற்றிக்கொண்டு மகளையே பார்க்கிறார். பின்கட்டிலிருந்து ஒரு குரல்.)

குழந்தை: பத்தே நிமிஷம்!