மயிலை எப்படிச் செவலையானது?

ஓர் இளம் எழுத்தாளரின் கதைக்குப் பரிசு கொடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றியும், அந்தக் கதை திருட்டா பாதிப்பா என்ற சண்டையைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று நாள் இருந்தும் விட்டேன். நேற்று ஒரு நண்பர், இன்னொருவர் எழுத்தின் பாதிப்புக்கும் திருட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எல்லாம் இலக்கியம் பேச வந்துவிட்டார்கள் என்று பெயர் போடாமல் எழுதியிருக்கிறார். அது எனக்குத்தான். சரி, தெரியாதவன் பேசுகிறேன், கேளுங்கள்.

பரிசு வாங்கிய தம்பியின் கதையை எல்லோரும் படித்திருப்பீர்கள். மேலூர் அக்காவின் கதையைப் படித்திருக்க வழியில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு சிற்றிதழில் வந்தது. அதற்கப்புறம் இரண்டு இதழோடு பத்திரிகையே நின்றுபோனது.

மழை இல்லை, தீவனம் இல்லை, மாட்டை விற்கிறார்கள். இது யார் கதையும் இல்லை. மேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒன்று கிடைக்கும். தாராளமாக எழுதுங்கள். ஆனால் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் கிழவி அதன் கழுத்துச் சலங்கையை அவிழ்த்து அரிசிப் பானைக்குள் போட்டுவிடுகிறாள், மறுநாளிலிருந்து உழக்கை விட்டு அரிசி அள்ளும்போதெல்லாம் உள்ளே கலீர் என்கிறது, புருஷன்காரன் கஞ்சியைத் தொடாமல் எழுந்து போகிறான் பாருங்கள், அது அக்காவின் கதை. தம்பி அரிசிப் பானையைக் கேழ்வரகுக் குதிர் ஆக்கியிருக்கிறார். மேலூரைத் தேனிக்கு மாற்றியிருக்கிறார். இதற்குப் பெயர் பாதிப்பாம். மாடு எல்லோருக்கும் பொது. சலங்கை அக்காவுடையது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

'கம்பன் எடுக்கவில்லையா?' எடுத்தான். வடமொழியில் மூன்று பேர் செய்திருக்கிறார்கள், அதில் முதலாமவர் சொன்னபடி நான் தமிழில் சொல்கிறேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு எடுத்தான். கம்பன் வரைக்கும் எதற்குப் போக வேண்டும், நம்ம மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இருக்கிறார். மணிமேகலையில் 'பெய்யெனப் பெய்யும் பெருமழை' என்ற குறளை அப்படியே வைத்துவிட்டு, அடுத்த வரியிலேயே இது 'பொய்யில் புலவன்' சொன்னது என்கிறார். தானியம் விற்றவர், யாருக்கு எவ்வளவு அளக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அது பாதிப்பு.

ஒருவர் தருமியை வேறு இழுத்து வந்திருக்கிறார். அய்யா, தருமிக்குப் பாட்டைக் கொடுத்தது பாட்டுக்காரரே. பொற்கிழி தருமிக்குப் போனாலும் குறுந்தொகையில் இரண்டாம் பாட்டுக்கு மேலே இருப்பது இறையனார் பெயர்தான். அக்கா யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

அப்புறம் நம் வக்கீல் நண்பர். கருவுக்குக் காப்புரிமை கிடையாது, 1978இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்கிறார். உண்மைதான், என் நாடகத்தை எடுத்து இந்திப்படம் பண்ணிவிட்டார்கள் என்று போனவர் அதில் தோற்றுத்தான் போனார். ஆனால் இரண்டையும் பார்த்தவருக்கு இது அதன் நகல்தான் என்று சந்தேகமில்லாமல் பட்டால் அது மீறல் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறதே, அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லையா?

'நீ மட்டும் யோக்கியமா?' இல்லை. கல்லூரி மலருக்கு ஒரு கதை கொடுத்தேன். அதில் மழை வரும் பத்தி மட்டும் ஒரு வார இதழிலிருந்து உருவியது. மலர் வந்ததும் கூடப் படித்தவன் ஒருவன் விடுதி மாடியில் அந்தப் பத்தியை மட்டும் சத்தமாக வாசித்து, "மாப்ள, இது போதும்டா, நீ எழுத்தாளன்டா" என்றான். என் சொந்தப் பத்திகளில் ஒன்றைக்கூட அவன் வாசிக்கவில்லை. தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி இன்னும் இருக்கிறது. அதனால்தான் தம்பி மேடையில் பொன்னாடையோடு நின்றபோது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எனக்குத் தெரியும் அந்த முகம்.

இளைஞர், வளர விடுங்கள் என்று எத்தனை பேர்! அக்காவை யார் வளர விட்டது? ஞாயிற்றுக்கிழமை அவர் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாக் கதையும் ஏற்கெனவே சொன்ன கதைதானே என்று மைக்கில் ஒருவர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. அக்காவும் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீங்கள் எல்லாம் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள்.

சரி, ஆதாரம் கேட்டீர்களே. அக்கா அந்தக் கதையைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு, விட்டுவிட்டு எழுதினார். அதில் ஒரு பிசகு நடந்துவிட்டது. முதல் பக்கத்தில் மாடு மயிலை, அதாவது சாம்பல் வெள்ளை. கடைசியில் சந்தையில் நிற்கும்போது செவலை, செந்நிறம். தம்பி கதையை எடுத்துப் பாருங்கள். ஊர் மாறிவிட்டது, பேர் மாறிவிட்டது, பானை குதிராகிவிட்டது. மாடு மட்டும் முதல் பக்கத்தில் மயிலை, சந்தையில் செவலை. வழியில் எங்கே தம்பி சாயம் பூசினீர்கள்? தேனிக்குப் போகிற வழியில் உசிலம்பட்டியிலா?

அக்காவிடம் அந்த இதழ் இல்லை, வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். என் பிரதியைச் சிம்மக்கல்லில் செராக்ஸ் எடுத்து நேற்று சாயந்திரம் மேலூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். என் சட்டைப்பையிலிருந்து பேனாவை வாங்கி, கடைசிப் பக்கத்தில் செவலையை அடித்துவிட்டு மேலே மயிலை என்று எழுதினார்.

"இந்தா, திருத்தியாச்சுப்பா. அடுத்து எடுக்குறவனாச்சும் வெவரமா எடுக்கட்டும்."