ஒரே மொடல் கார் என்றால் ஈ.சி.யூ.வை (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியை) மாற்றிப் பொருத்தலாமா?

"ஒரே மொடல் காரிலிருந்து கழற்றிய ஈ.சி.யூ.வைப் பொருத்தினால் வண்டி உடனே ஓடும்" என்று ஹட்டன், நுவரெலியா பகுதி வட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படும் தகவல் தவறானது.

இம்மொபிலைசர் (உரிய சாவி இல்லாமல் இயந்திரம் இயங்காதபடி தடுக்கும் திருட்டுத் தடுப்பு அமைப்பு) உள்ள பெரும்பாலான கார்களில், சாவியிலுள்ள மின்னணுச் சிப்பின் அடையாளக் குறியீடு ஈ.சி.யூ.விலோ அதனுடன் இணைந்த தனிப் பெட்டியிலோ பதியப்பட்டிருப்பதால், வேறொரு காரின் கணினியை அப்படியே மாட்டினால் இயந்திரம் ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஓரிரு விநாடிகளில் நின்றுவிடும். ஈ.சி.யூ. பெட்டியின் மேலுள்ள பாக இலக்கமும் பொருந்த வேண்டும். ஒரே மொடலிலேயே ஒட்டோ கியருக்கும் மெனுவல் கியருக்கும் அது வேறுபடலாம். டீசல் வண்டிகள் பலவற்றில் இன்ஜெக்டர்களின் (எரிபொருளைப் பீச்சும் பாகங்களின்) திருத்தக் குறியீடுகளையும் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். இம்மொபிலைசர் இல்லாத பழைய கார்களில் இந்த மாற்று சில வேளை பலிக்கும். வதந்தி அங்கிருந்துதான் பிறந்திருக்க வேண்டும்.

மலையகத்துக்கெனத் தனி ஈ.சி.யூ. தேவை என்பதும் சரியல்ல. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் கடல் மட்டத்திலுள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதமே என்றாலும், உணரிகளின் அளவீட்டைக் கொண்டு எரிபொருளை அதற்கேற்பக் குறைப்பது ஈ.சி.யூ.வின் வழக்கமான வேலைதான்.

கணினி பழுது என்று கராஜில் சொன்னால், பற்றரி மின்னழுத்தம், எர்த் கம்பி, பியூஸ், ஈரமேறிப் பச்சை பிடித்த இணைப்பு ஊசிகள் ஆகியவற்றை முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.